நான்காவது மடிப்பு

என் வகுப்பில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். இதைப் பெருமை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்திரண்டு பையன்கள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எந்த ஊசியும் கேட்கத்தான் செய்யும்.

1969, தை மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் பாலிடெக்னிக்கின் சிவில் பிரிவுக்கு நான் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மெட்ராஸில் பி.இ. முடித்துவிட்டு வந்த இருபத்துநாலு வயதுப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவதென்றே பையன்களுக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் பழக்க தோஷத்தில் ‘சார்’ என்றார்கள். மீதிப் பேர் பள்ளிக்கூட ஞாபகத்தில் ‘டீச்சர்’ என்றார்கள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. நான் போர்டில் எழுதுவேன், அவர்கள் நோட்டில் எழுதுவார்கள். ஒரு நாள் கடுப்பில், வேண்டுமென்றே இரண்டும் மூன்றும் ஆறு என்று போட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு நோட்டிலும் ஆறு.

அந்தத் திங்கட்கிழமை காலை பிரின்ஸிபால் கலியாணசுந்தரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏம்மா ரமாமணி, வெள்ளிக்கிழமை மெட்ராஸ்லேருந்து இன்ஸ்பெக்‌ஷன். சக்ரவர்த்தின்னு ஒருத்தர் வரார். உங்க கிளாஸைத்தான் பார்க்கணும்னு எழுதியிருக்கார்.”

“ஏன் சார் என் கிளாஸ்?”

“அரைப் பரீட்சையில உங்க பேப்பர்ல பாஸானது ஒன்பது பேர். வேற ஏன்?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க இன்னும் நிரந்தரம் ஆகலை. அவர் என்ன எழுதறாரோ அதுதான் முடிவு. பசங்க இப்படியே பொம்மை மாதிரி உக்காந்திருந்தா ஜூன்ல நான் வேற ஆளைப் பார்க்கணும். பொம்பளைப் பிள்ளையைப் போட்டதே தப்புன்னு கமிட்டியில ஏற்கெனவே பேச்சு இருக்குது.”

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் என்றால் பொய். ஒரு உத்தரம் தன் மேல் விழுந்த பாரத்தை இந்தச் சுவருக்கு இவ்வளவு, அந்தச் சுவருக்கு அவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறதே, அதை முதல் தரம் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. அதை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். ஆனால் சொல்லச் சொல்லக் கிணற்றில் போட்ட கல்லாகவே இருந்தால் என்ன செய்வது?

பிரின்ஸிபால் மேல் வந்த கோபத்தோடு வகுப்புக்குள் போனேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் குடியிருக்கிறது. போர்டில் ஒரு உத்தரம், இரண்டு பக்கமும் இரண்டு தாங்கிகள், நடுவில் ஒரு பாரம் என்று வரைந்துவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஆதிகேசவன் பேனாவைக் கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். என் கையில் இருந்த சாக்பீஸ் பறந்துபோய் அவன் மார்பில் பட்டது.

ஆதிகேசவன் இந்தப் பாடத்தில் இரண்டு தரம் ஃபெயிலானவன். மற்றவர்களைவிட இரண்டு வயது பெரியவன், ஆறடி உயரம். வரதராஜப் பெருமாள் கோயிலில் சாமி தூக்கும் குடும்பம் அவனுடையது.

“ஏண்டா எழுதலை?”

எழுந்து நின்றான். “கை தூக்க முடியலை டீச்சர். கனுவுக்கு சாமி தூக்கிக்கினு பழையசீவரம் போயிருந்தோம். தோள் வீக்கம் இன்னும் எறங்கலை.”

மாட்டுப் பொங்கலன்று வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுவது ஊரறிந்தது. நான் பிறந்து வளர்ந்ததும் சின்னக் காஞ்சிபுரம்தான். ஆனாலும் விடவில்லை. “அவ்வளவு தூரம் தூக்கிண்டு போறயே, இந்தக் கணக்கு மட்டும் ஏன் வரலை? சொல்லு பார்ப்போம். மலை ஏறறச்சே முன்னால தூக்கறவனுக்குப் பாரமா, பின்னால தூக்கறவனுக்கா?”

குத்திக்காட்டத்தான் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

“பின்னாலதான் டீச்சர்.”

“போடா, முன்னால இருக்கிறவன்தானே இழுத்துக்கினு ஏறணும்?” என்று யாரோ சொன்னார்கள். என் வகுப்பில்! கேட்காமலே ஒருவன் பேசினான்!

ஆதிகேசவன் அவன் பக்கம் திரும்பினான். “சாமி கழிக்கு மேல உக்காந்துக்கினு இருக்குது. நாம ஏறினா அது பின்னால சாயும். சாய்ஞ்சா பாரம் யார் பக்கம் போவும்? அதான் மலையடி வந்ததும் கெட்டியான ஆளுங்களைப் பின்னால மாத்துவோம்.”

இரண்டு தரம் ஃபெயிலானவன் புவியீர்ப்பு மையத்தை மடமடவென்று விளக்கிக்கொண்டிருந்தான். அதன் பெயர் ஒன்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. நான் ஓடிப்போய்ப் போர்டில் இருந்த உத்தரத்தை அழித்துச் சாய்வாகப் போட்டேன். மேலே ஒரு வட்டம், வட்டத்திலிருந்து கீழே நேர்கோடு. கோடு பின் ஆள் பக்கம் விழுந்தது. “ஆமாண்டா!” என்று நானே கத்திவிட்டேன்.

அதன் பிறகு யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. முன் பெஞ்சில் இருந்த கண்ணாயிரம் கையைத் தூக்கினான். வகுப்பிலேயே குள்ளமானவன் அவன். அவன் மாமாவுக்கு ரங்கசாமி குளத்தண்டை அரிசி மண்டி.

“டீச்சர், ஒரே கழியை மூணு பேர் தூக்கினா யாருக்கு எவ்ளோ?”

மூன்று தாங்கிகள் டிப்ளமோ பாடத்திலேயே இல்லை. நான் பி.இ.யில் படித்தது. ‘அது உங்களுக்கு இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். வித்தையைக் காட்டும் ஆசை யாரை விட்டது? கழி முழுக்கச் சமமாகப் பரவிய பாரம் எண்பது கிலோ என்று வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று போர்டை நிரப்பி விடையைக் கட்டம் கட்டினேன். முனையில் நிற்பவனுக்குப் பதினைந்து, நடுவில் நிற்பவனுக்கு ஐம்பது, அந்த முனைக்குப் பதினைந்து.

“நடு ஆளுக்குத்தான் ஜாஸ்தி. எட்டுல அஞ்சு பங்கு.”

“இல்ல டீச்சர்,” என்றான் ஆதிகேசவன்.

“என்ன இல்லை?”

“அப்பிடி வராது.”

“பின்னே எவ்வளவு வரும்?”

“அது சொல்ல முடியாது டீச்சர்.”

கணக்குப் போட்டுக் கட்டம் கட்டிய விடையைப் பார்த்துச் சொல்ல முடியாதாம்! எனக்குக் காது சூடாகிவிட்டது. “வெள்ளிக்கிழமை ரெண்டாவது பீரியட்! எடை மெஷின் கொண்டு வாங்கோ. நிஜமாவே தூக்கிப் பார்த்துடலாம். நடு ஆளுக்கு அம்பது வரலைன்னா நான் இந்தப் போர்டைத் தொடமாட்டேன்!”

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியடுக்குத்தான் சக்ரவர்த்தி வருகிறார்.

வியாழக்கிழமை மாலை, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று பாலிடெக்னிக்குக்குத் திரும்பிப் போனேன். நாளைக்கு ஒழுங்காகப் போர்டில் நடத்திவிடுகிறேன், கேள்வி கேட்டால் நாலு பேர் பதில் சொல்லுங்கள் போதும் என்று கெஞ்சுவதாக இருந்தேன். ஒர்க்‌ஷாப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒரே சத்தம். எட்டு சாக்குப் பைகளில் மணலை அள்ளிப் போட்டு ஒவ்வொன்றையும் ஒன்பது கிலோவுக்குச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டடி மரம் ஒன்று எட்டு கிலோ. ஆக எண்பது. கண்ணாயிரம் மாமாவைக் காக்காய் பிடித்து, மண்டியின் எடை மேடையைக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். மேலே ஏறி நின்று, கம்பியில் குண்டை நகர்த்திப் படிக்கிற மேடை. நடு ஆள் அதன் மேல் நிற்க, முனை ஆட்கள் அதே உயரத்துக்குச் செங்கல் அடுக்கி நிற்பதாக ஏற்பாடு. செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்பதா, கழற்றிவிட்டு நிற்பதா என்று ஆறு பேர் அடித்துக்கொள்ளாத குறை.

மணி ஐந்தே முக்கால். நாலு மணிக்கு மணியடித்தால் நாலே காலுக்குக் காற்று வாங்கும் இடம் அது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, “செருப்பைக் கழட்டிட்டே நில்லுங்கோ,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

வெள்ளிக்கிழமை. பெஞ்சையும் போர்டையும் கொட்டகைக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முன் முனையில் ஆதிகேசவன். பின் முனைக்கு அவன் உயரத்தில் இன்னொருவன் வேண்டும். இருந்த ஒரே நெட்டையன் அன்றைக்கு என்று பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

“நான் நிற்கறேன்,” என்றேன்.

“நீங்களா டீச்சர்?”

“எனக்கு எவ்வளவு வரும்? பதினஞ்சு கிலோ. தினமும் இடுப்புல வைக்கற தண்ணிக்குடம் அவ்வளவு இருக்கும். செங்கல்லை ஜாஸ்தியா அடுக்குங்கோ, உயரம் சரியாயிடும்.”

அடுக்கினார்கள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். நடுவே, எடை மேடை மேல் கண்ணாயிரம். அவனை நடுவில் நிறுத்தி, உயரம் போதாததற்குக் காலடியில் ஒரு பெட்டி போட்டது ஆதிகேசவன். தோள் மட்டம் சரியா என்று நான் கவனிக்கவே இல்லை. பெட்டியோடு சேர்த்துக் கண்ணாயிரத்தின் எடை நாற்பத்துநாலு என்று போர்டில் எழுதியாயிற்று. என் கணக்குப்படி மேடை தொண்ணூற்றுநாலு காட்ட வேண்டும்.

“டேய், எறக்குங்கடா!” என்றான் ஆதிகேசவன்.

எட்டுப் பேர் பிடித்திருந்த மரத்தை மெல்லத் தோளில் இறக்கிவிட்டுக் கையை எடுத்தார்கள்.

அம்மாடி! என் கணுக்கால் வரைக்கும் இறங்கியது பாரம். குடமா இது? இரண்டு குடத்துக்கு மேல் இருக்கும். கழுத்து நரம்பு புடைத்தது.

“படிங்கடா!” என்று கத்தினேன்.

குண்டை நகர்த்திய பையன் இரண்டு தரம் பார்த்துவிட்டுச் சொன்னான். “நாப்பத்திநாலு.”

“அது கண்ணாயிரம் எடை. மொத்தம் சொல்லு!”

“மொத்தமே நாப்பத்திநாலுதான் டீச்சர்!”

கொட்டகை அதிர்ந்தது. கண்ணாயிரம் பாவமாக மேலே பார்த்தான். மரத்துக்கும் அவன் தோளுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு சந்து. அந்தப் பிள்ளை ஒரு பாரமும் இல்லாமல் மரத்தடியில் நிழலுக்கு நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தான். ஐம்பது என்று நான் கட்டம் கட்டிய இடத்தில் பூஜ்யம். நாற்பது ஆதிகேசவனுக்கு. நாற்பது எனக்கு.

பையன்கள் விசிலடித்தார்கள், பெஞ்சைத் தட்டினார்கள். அந்தக் கூச்சலில்தான் வாசலில் பிரின்ஸிபால் நின்றார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒரு நெட்டை மனிதர், கையில் நோட்டுப் புத்தகம்.

ஒருவனும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள், அதுவும் பெஞ்சுகள் மேல்.

“இந்த வகுப்பின் ஆசிரியர் யார்?” என்றார் சக்ரவர்த்தி.

“நான்தான் சார்,” என்றேன் மரத்தடியிலிருந்து.

அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் ஆதிகேசவன் குறுக்கே விழுந்தான். “ஒரு நிமிசம் சார், டீச்சர் தோள்ல நாப்பது கிலோ இருக்குது. டேய், என் துண்டை எடுத்துப் பட்டையா மடிச்சி கண்ணாயிரம் தோள்ல வைடா. நாங்க குள்ளமானவங்களுக்கு அதான் வெப்போம்.”

கண்ணாயிரம் முழங்காலை லேசாக மடக்க, சந்தில் துண்டு போயிற்று. நிமிர்ந்தான்.

“அம்பத்தேழு!”

“இன்னொரு மடிப்பு!”

“அறுபத்தொம்போது!”

“இன்னொண்ணு!”

“எம்பத்திரெண்டு!”

எப்படிச் சொல்வேன்! துண்டு ஒரு மடிப்புக் கூடக் கூட என் தோளிலிருந்து பாரம் கழன்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்பது அடிக்கு அப்பால் ஒரு துண்டை மடிக்கிறார்கள், இங்கே என் எலும்பு லேசாகிறது. ஐந்து வருஷம் படித்து, பரீட்சை எழுதி, மெடல் வாங்கிய பாடம் அப்போதுதான் முதல் தரம் என் உடம்புக்குள் போனது.

“நாலாவது மடிப்பு வைங்கடா!”

“தொண்ணூத்திநாலு!”

“அம்பது!” என்று நான் அலறினேன். “அம்பது வந்துடுத்து! அதாண்டா என் கணக்கு! என் தோள்ல இப்போ ஒரு குடம்தான் இருக்கு!”

“டீச்சர் கணக்கும் சரிதான்,” என்றான் ஆதிகேசவன் பெருந்தன்மையாக. “ஆனா நாலு மடிப்புத் துண்டு வேணும்.”

மரத்தை இறக்கினார்கள். கீழே இறங்கினேன். சக்ரவர்த்தி எடை மேடை வரைக்கும் நடந்து வந்து, கம்பியில் குண்டு நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“நீங்கள் மாணவர்களுக்கு என்ன விடை சொல்லியிருந்தீர்கள்?”

பிரின்ஸிபால் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். எல்லாம் திட்டமிட்டுச் செய்த சோதனை என்று சொல்லிவிடு என்கிறார். சொல்லலாம்தான். முப்பத்தொரு ஜோடிக் கண்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஏழு மாதமாக நான் ஏங்கிய பார்வை.

“அம்பதுன்னு சொன்னேன் சார். தப்பு. மூணு தோளும் ஒரே மட்டத்துல இருந்தாத்தான் அது சரி. நான் ஆளோட உயரத்தைக் கேட்காம சொல்லிட்டேன். ஆதிகேசவன்தான் அப்படி வராதுன்னான்.”

எழுதிக்கொண்டார். “இது பாடத்திட்டத்தில் இருக்கிறதா?”

“இல்லை சார்.”

அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, “நடுவில் நிற்பவன் மற்றவர்களைவிட உயரமாக இருந்தால்?” என்று கேட்டார். “அவன் செத்தான் சார்!” என்று நாலு மூலையிலிருந்தும் பதில் வந்தது. “நீங்களே நில்லுங்க சார், ஒசரமாத்தான் இருக்கீங்க,” என்றான் கண்ணாயிரம். பிரின்ஸிபால் இருமினார். சக்ரவர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டை மூடினார், போய்விட்டார்.

என் வேலையும் கூடவே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், அன்று ராத்திரி வலது தோளில் தைலம் தடவிக்கொண்டே நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பிரின்ஸிபால் என்னிடம் இரண்டு உறைகளைக் கொடுத்தார். ஒன்று சர்க்கார் முத்திரை போட்ட பழுப்பு உறை. இன்னொன்று கையெழுத்தில் விலாசம் எழுதிய வெள்ளை உறை. அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. பழுப்பைத் தொடவே பயமாக இருந்தது. வெள்ளையை நடந்துகொண்டே பிரித்தேன். பிரித்ததும் வகுப்புக்கு ஓடினேன்.

“டேய், சக்ரவர்த்தி சார் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கார்டா!”

மூன்று பக்கம், பொடிப்பொடி எழுத்து. அன்று கேட்ட கேள்வியை அவரால் விட முடியவில்லையாம். நடு ஆள் மற்ற இருவரையும்விட ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் உயரமாக இருந்தால் என்று போட்டிருந்தார். போர்டில் அப்படியே எழுதினேன். நடு ஆளுக்கு எண்பத்தாறு கிலோ. முனை ஆட்களுக்கு ஆளுக்கு மைனஸ் மூன்று. கூட்டினால் எண்பது. கணக்கு வழுவில்லாமல் இருந்தது. ‘வகுப்பில் சரிபார்க்கவும்’ என்று கடைசியில் ஒரு வரி.

“தப்பு டீச்சர்,” என்றான் ஆதிகேசவன்.

“எங்கேடா தப்பு? நான் மூணு தரம் பார்த்தேன்.”

“மைனஸ் மூணு கிலோன்னா இன்னா அர்த்தம்? அவன் தூக்கலை, கழியைக் கீழ இழுத்துக்கினு இருக்கான்னுதானே? தோள் தாங்கும் டீச்சர், இழுக்காது. அவங்க ரெண்டு பேரும் கழியைப் புடிச்சித் தொங்கிக்கினே வந்தாத்தான் எம்பத்தாறு. இல்லைன்னா நடு ஆளுக்கு எம்பது, அவங்களுக்கு ஒண்ணும் இல்லை. சும்மா கூட நடந்துக்கினு வருவாங்க.”

நான் போர்டைப் பார்த்தேன். சக்ரவர்த்தி அதைப் பார்க்கவில்லை. மெடல் வாங்கிய நானும் பார்க்கவில்லை. கட்டடத்துத் தூணில் உத்தரத்தை ஆணி அடித்து இறுக்கலாம். மனிதத் தோளில் அடிக்க முடியுமா?

“எழுதுடா,” என்றேன். “நீயே போர்டுல எழுது. கீழ கையெழுத்துப் போடு. அவருக்கு அனுப்பணும்.”

வகுப்பே போர்டைச் சுற்றிக் கூடிவிட்டது. பத்து மார்க்குக்கு எத்தனை போடலாம் என்று ஏலம் விட்டு, கடைசியில் சக்ரவர்த்திக்கு ஏழு என்று முடிவாயிற்று. மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

“டீச்சர், அது இன்னா இன்னொரு கவரு? பிரிக்காமயே வெச்சிக்கினு இருக்கீங்க?” என்றான் கண்ணாயிரம்.

மறந்தே போயிருந்தேன். சத்தியமாக மறந்துவிட்டேன். பிரித்தேன். இன்ஸ்பெக்‌ஷன் குறிப்பின் நகல். வகுப்பில் கூச்சல் அதிகம். மாணவர்கள் அதிகாரிக்கு எழுந்து மரியாதை செய்யவில்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே நடத்தப்படுகிறது. ஆசிரியை தம் விடை தவறு என்று மாணவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டார். கடைசி வரிக்கு வந்தேன். மேற்கண்ட காரணங்களால் இவரைப் பணியில் நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன். அதன் கீழே ஆர்டர்.

உரக்கப் படித்தேன். வகுப்பில் கூரை மிஞ்சியதே பெரிய விஷயம்.

கூச்சல் அடங்கிய பிறகும் ஆதிகேசவன் மட்டும் சாக்பீஸும் கையுமாகப் போர்டருகே யோசனையோடு நின்றான். “அப்போ வர்ற வருசமும் இந்தப் பாடத்துக்கு நீங்கதானா டீச்சர்?”

“ஆமாம். ஏன்?”

“ரெண்டு தரம் சும்மாவே ஃபெயிலாயிட்டேன். இந்தத் தரம் ஃபெயிலானா உங்க கிளாஸுக்கே திரும்பி வரலாமே. நான் பாஸாவணுமா, வேணாமா டீச்சர்?”

“பாஸாகலைன்னா தோலை உரிச்சுடுவேன்!” என்று கத்திவிட்டு, சட்டென்று திரும்பிப் போர்டைத் துடைக்கத் தொடங்கினேன். துடைத்தது அவன் எழுதிய விடையை என்பது கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.